பூநாரைக் குளத்துக்கு மேலே வலையா, இறக்கை வெட்டா?

உப்பளத்தான்:
உயிரியல் பூங்காவில் பூநாரைக்கு (ஃபிளமிங்கோ) இடம் அமைப்பது பற்றி நேற்று வரைமேசை இப்படி எழுதியிருந்தார்: "திறந்த குளம், கரையில் புல், இடுப்பளவு வேலி போதும். குஞ்சிலேயே இறக்கை நுனியை எடுத்துவிட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நுனி என்றால் நகம் வெட்டுவது போலக் கேட்கிறது. வெட்டுவது எலும்பை. மணிக்கட்டு மூட்டுக்கு அப்பால் உள்ள பகுதியை, ஒரு பக்கம் மட்டும். பறப்பதற்கான பெரிய இறகுகள் முளைக்கிற இடமே போய்விடும். மறுபடி வளராது.

இருபது வருடமாகக் குளிர்காலத்தில் கோடியக்கரை உப்பளப் பக்கம் நின்று பார்க்கிறவன் நான். பூநாரை எழும்பும்போது தண்ணீர் மேல் பத்துப் பதினைந்து அடி ஓடும். அப்புறம் இறக்கை விரியும், உள்ளேயிருந்து சிவப்பும் கருப்பும் வெளியே வரும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் பூங்காவில் 2014இல் இறந்த பெரும்பூநாரைக்குக் குறைந்தது 83 வயது என்றார்கள். அத்தனை காலம் வாழக்கூடிய உயிரை முதல் வாரத்திலேயே முடமாக்குவது "ஒன்றும் தெரியாது" கணக்கா? மேலே வலை போடுங்கள். வெட்டாதீர்கள்.

வரைமேசை:
ஐயா, கரையில் நின்று பார்ப்பது வேறு, காகிதத்தில் அளவு போட்டு அதற்குக் காசு கேட்பது வேறு. நீங்களே சொல்லிவிட்டீர்கள், எழும்ப ஓட்டம் வேண்டும் என்று. அந்த ஓட்டத்துக்கும், எழுந்தபின் வளைந்து திரும்பவும் எவ்வளவு பெரிய வலை வேண்டும்? பாதி எழுந்த பறவை வலையில் மோதிக் கீழே விழுந்தால் முதலில் முறிவது கால். குச்சி போன்ற கால், முறிந்தால் பெரும்பாலும் கதை முடிந்தது. பனி பெய்யும் ஊரில் வலை மேல் பனி சேர்ந்து தூணோடு சாயும்.

வெட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2005இல் அமெரிக்காவின் கான்சாஸில் விச்சிட்டா நகரப் பூங்காவில் அந்த முறை இறகு கத்தரிக்காமல் விட்ட இரண்டு பெரும்பூநாரைகள் காற்றடித்த நாளில் பறந்துபோயின. ஒன்று என்ன ஆனதென்றே தெரியவில்லை.

உப்பளத்தான்:
மற்றொன்றைப் பற்றியும் சொல்லுங்கள் தம்பி. காலில் 492 என்ற வளையம் போட்ட பறவை. டெக்சாஸ் கடற்கரையில் வருடக் கணக்காகப் பார்த்தார்கள், 2022இல்கூடப் பார்த்தார்கள். பதினேழு வருடம் தானே இரை தேடிப் பிழைத்திருக்கிறது. இப்படிப்பட்ட பறவைக்குத்தான் "ஒன்றும் தெரியாது" என்கிறீர்கள்.

மாட்டு_டாக்டர்:
இரண்டு பேரும் எதை வெட்டுவது என்று முதலில் சொல்லிவிட்டுப் பேசுங்கள். இறகைக் கத்தரிப்பது ஒன்று. இறகு உதிர்ந்து முளைத்ததும் மறுபடி கத்தரிக்க வேண்டும். விச்சிட்டாவில் தவறியது அதுதான். எலும்பை வெட்டுவது வேறு, அது ஆயுளுக்கும். இரண்டையும் ஒரே பெயரில் போட்டுக் குழப்புகிறீர்கள்.

என்னைக் கேட்டால் வலையை விடத் தரைதான் முக்கியம். அடைப்பில் வளரும் பூநாரையின் பாதத்தில் வெடிப்பும் கட்டியும் சாதாரணமாக வருகிறது. காரணம் சிமெண்ட் தரை, சொரசொரப்பான குளத்து விளிம்பு, குளிர்காலம் முழுக்க உலர்ந்த கொட்டகைக்குள் அடைத்து வைப்பது. குளத்தின் அடியில் மெல்லிய மணல், கரை சரிவாக இறங்க வேண்டும், நடுவில் ஈரக் களிமண் தீவு. அதில்தான் ஒரு முழம் உயரத்துக்கு மண்ணைக் குவித்து, மேலே குழி வைத்து, ஒரே ஒரு முட்டை இடும். அந்த மண் காய்ந்துபோனால் கூடு கட்டாது. இதை யாராவது பேசுங்களேன்.

வரைமேசை:
டாக்டர் சொல்வது சரி, மணல் என் வரைபடத்தில் இருக்கிறது. ஆனால் வலை விஷயத்துக்கு வருவோம். 2022 மே மாதம் வாஷிங்டன் தேசிய உயிரியல் பூங்காவில் நரி புகுந்து 25 பூநாரைகளைக் கொன்றது. இருந்தவை 74. நரி வந்தது மேலிருந்து இல்லை, பக்கத்துக் கம்பி வலையில் பந்து அளவு ஓட்டை வழியாக. தலைக்கு மேல் நீங்கள் தங்க வலை போட்டாலும் அந்த 25 செத்திருக்கும்.

உப்பளத்தான்:
நரி வரும்போது மேலே எழும்ப முடிகிற பறவைக்கு ஒரு வாய்ப்பாவது உண்டு. வெட்டின பறவைக்கு அதுவும் இல்லை. நீங்கள் சொன்ன இடுப்பளவு வேலியை நரி தாண்ட எவ்வளவு நேரம் ஆகும்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

சிங்கை_செல்வி:
வலைக்குள் முடியாது என்று அடித்துப் பேசுகிற வரைமேசை அண்ணன் ஒருமுறை சிங்கப்பூரில் உள்ள மண்டாய்க்கு வாருங்கள். ஜூரோங் பறவைப் பூங்காவில் திறந்த ஏரியில் பூநாரைகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். 2023இல் அது மூடி, மண்டாயில் பேர்ட் பாரடைஸ் திறந்தது. அங்கே கிரிம்சன் வெட்லேண்ட்ஸ் என்ற பகுதியில் பூநாரைகள் பெரிய வலைக்குள்ளேதான் இருக்கின்றன, நாமும் உள்ளே நடந்து போகலாம். என் மகள் அங்கிருந்து வர மாட்டேன் என்று அழுதாள். வலை இருப்பதே கண்ணில் உறுத்தவில்லை.

வரைமேசை:
செல்வி, சிங்கப்பூரில் பனி விழுமா? அந்த அளவு பணம் எந்த நகராட்சியிடம் இருக்கிறது? அங்கே பறவைகள் எவ்வளவு தூரம் பறந்தன என்று பார்த்தீர்களா? வலைக்குள் இருந்தும் குளத்தில் நின்றுகொண்டே இருந்தால் அந்த வலை எதற்கு?

சிங்கை_செல்வி:
நின்றுகொண்டிருப்பதும் அது விரும்பி நிற்பதுதானே? பறக்க முடிந்தும் நிற்பது ஒன்று, முடியாமல் நிற்பது ஒன்று.

உப்பளத்தான்:
நூற்றில் ஒரு சொல். நன்றி அம்மா.

பனங்காட்டான்:
இடையில் ஒரு திருத்தம். இவ்வளவு பேசுகிறீர்கள், ஆனால் பழைய பாட்டில் வரும் செங்கால் நாரையே இதுதான் என்று யாரும் சொல்லவில்லையே. தமிழன் அன்றே பாடிவிட்டான்.

உப்பளத்தான்:
இல்லை. அந்தப் பாட்டிலேயே பதில் இருக்கிறது. பிளந்த பனங்கிழங்குக்கு அலகை ஒப்பிட்டிருக்கிறார் சத்திமுத்தப் புலவர். பனங்கிழங்கு நேராக, கூராக இருக்கும். பூநாரையின் அலகு நடுவில் மடங்கிக் கீழே வளைந்தது. தலையைக் கவிழ்த்துச் சேற்று நீரை உறிஞ்சி வடிகட்டித் தின்பதற்கான அலகு அது. பாட்டில் வருவது வெள்ளை உடம்பும் சிவந்த அலகும் உள்ள வேறு பறவை.

பனங்காட்டான்:
உங்களுக்கு மட்டும்தான் பறவை தெரியும் என்பது போலப் பேசாதீர்கள். எங்கள் ஊரில் இதைத்தான் செங்கால் நாரை என்பார்கள்.

உப்பளத்தான்:
ஊரில் சொல்வது வேறு, பாட்டில் உள்ளது வேறு. போன வருடம் ஆமைக் குளம் பற்றிய பேச்சிலும் நீங்கள் இப்படித்தான் பெயரில் கொண்டுபோய் நிறுத்தினீர்கள். வலைக்கு வாருங்கள்.

வரைமேசை:
ஆமைக் குளத்தை நீங்களே எடுத்ததால் சொல்கிறேன். அன்றும் நான் போட்ட வரைபடத்தை "ஆமைக்குச் சிறை" என்று எழுதினீர்கள். அப்புறம் அதே சரிவுக் கரையை உங்கள் யோசனை என்று வேறொரு பதிவில் போட்டீர்கள். நான் மறக்கவில்லை.

உப்பளத்தான்:
சரிவுக் கரை உலகம் முழுக்க உள்ள விஷயம், உங்கள் சொத்து இல்லை. பேச்சை மாற்றாதீர்கள். எலும்பை வெட்டலாமா, கூடாதா?

வரைமேசை:
இங்கிலாந்தில் ஸ்லிம்பிரிட்ஜ் போய்ப் பாருங்கள். பீட்டர் ஸ்காட் 1946இல் தொடங்கிய நீர்ப்பறவைக் காப்பகம். உலகில் உள்ள ஆறு வகைப் பூநாரைகளையும் வளர்த்த இடம். திறந்த குளங்கள்தான்.

உப்பளத்தான்:
அதே ஸ்லிம்பிரிட்ஜில் ஆண்டீஸ் மலைப் பூநாரைகள் 2003க்குப் பிறகு 2018இல்தான் முட்டையிட்டன. பதினைந்து வருடம்! அந்த ஒன்பது முட்டைகளும் கருக்கூடாதவை. பாவம், சிலி பூநாரைக் குஞ்சுகளைக் கொடுத்து வளர்க்க வைத்தார்கள். ஆண் பறவை பெட்டையின் முதுகில் ஏறி நிற்க இரண்டு இறக்கையும் சமமாக வேண்டும். ஒரு பக்கம் வெட்டினால் எப்படி நிற்கும்?

மாட்டு_டாக்டர்:
ஐயா, உங்கள் பக்கம்தான் நானும், ஆனால் அந்த உதாரணம் நிற்காது. ஆண்டீஸ் வகை சாதாரணமாகவே அடைப்பில் முட்டையிடத் தயங்கும். அந்த வருடம் இட்டதற்கு வெயிலைக் காரணம் சொன்னார்கள். கூட்டம் சிறிதாக இருந்தாலும் இடாது. எல்லாம் சேர்ந்து தலையை இடவலமாக ஆட்டி, இறக்கையை விரித்து, கூட்டமாக நடந்து காட்டினால்தான் ஜோடி சேரும். நாற்பது பறவையாவது வேண்டும் என்பார்கள். இல்லாத இடங்களில் பெரிய கண்ணாடி வைத்துக் கூட்டத்தைப் பெரிதாகக் காட்டுகிறார்கள். பத்துப் பறவை வாங்கி வைக்கிற பூங்காவுக்கு வலையும் வேண்டாம், வெட்டும் வேண்டாம். வாங்கவே வேண்டாம் என்பேன்.

உப்பளத்தான்:
நிற்காது என்றால் விட்டுவிடுகிறேன். ஆனால் இறக்கையை விரித்துக் காட்டும் என்று நீங்களே சொல்கிறீர்கள். ஒரு பக்கம் முழு இறக்கை, மறுபக்கம் மொட்டை. அதை அது எப்படிக் காட்டும்?

வரைமேசை:
வெட்டின கூட்டங்களிலும் குஞ்சு பொரித்திருக்கிறது. அமெரிக்காவில் ஹயாலியா குதிரைப் பந்தயத் திடலில் 1930களில் கியூபாவிலிருந்து கொண்டுவந்த முதல் கூட்டம் பறந்துபோய்விட்டது. அடுத்த கூட்டத்துக்கு இறக்கையை வெட்டினார்கள், அது அங்கேயே பெருகியது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

உப்பளத்தான்:
முதல் கூட்டம் என்ன நினைத்தது என்பதை அது பறந்தே சொல்லிவிட்டதே.

சிங்கை_செல்வி:
ஜெர்மனியில் விலங்கின் உறுப்பை இப்படி வெட்டுவதைச் சட்டமே தடுக்கிறது. அங்கேயும் பூங்காக்கள் பூநாரை வளர்க்கத்தானே செய்கின்றன?

வரைமேசை:
அவர்கள் இறகைக் கத்தரித்து வைத்திருந்தால் அது மட்டும் சுதந்திரமா? இறகு முளைக்கும்போதெல்லாம் பிடித்துப் பிடித்துக் கத்தரிக்க வேண்டும். பிடிக்கும்போது கால் முறியும். ஒருமுறை செய்து முடிப்பது இரக்கம் என்பதுதான் என் வாதம். யாரும் பதில் சொல்லவில்லை.

மாட்டு_டாக்டர்:
பிடிக்கும்போது முறிவது உண்மைதான். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பூங்காவில் அப்படி ஒரு பறவையை என் கையிலேயே இழந்தேன். அதனால்தான் மணலையும் சரிவையும் கெஞ்சிக் கேட்கிறேன், வழுக்கினதும் அந்தத் தரையில்தான்.

பனங்காட்டான்:
பூநாரை என்று எந்த அகராதியில் இருக்கிறது? அதையாவது சொல்லுங்கள்.

உப்பளத்தான்:
டாக்டர், வருத்தமாக இருக்கிறது. ஆனால் வலை இருந்தால் பிடிக்கவே வேண்டாமே. கத்தரிக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். தம்பி வரைமேசை, இடுப்பளவு வேலியை நரி தாண்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

வரைமேசை:
வலைக்கு எவ்வளவு செலவு என்று நானும் கேட்டேன். அதற்கும் வரவில்லை.