விசைப்படகில் ஒரே இடத்துப் பேட்டரி திரும்பத் திரும்பச் சாகிறது, உதவி தேவை

நாகை விசைப்படகு:
வணக்கம். எங்களுடையது 6 சிலிண்டர் டீசல் இன்ஜின் போட்ட விசைப்படகு. ஐந்தாறு நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்கல் போகிறோம். இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் 24 வோல்ட் என்பதால் 12 வோல்ட், 150 ஆம்பியர் பேட்டரி இரண்டைத் தொடராகக் கட்டியிருக்கிறோம். 14 மாதத்தில் அதில் ஒன்றை இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. இரண்டு தடவையும் போனது இன்ஜின் பக்கம் இருக்கும் பேட்டரிதான். மற்றது நன்றாக இருக்கிறது, ஆனால் டிஸ்டில்ட் வாட்டரை அநியாயத்துக்குக் குடிக்கிறது. கரைக்கு வரும்போதெல்லாம் ஊற்ற வேண்டியிருக்கிறது.

போன தங்கலில் மூன்றாம் நாள் ராத்திரி நங்கூரம் போட்டுப் படுத்தோம். விடியற்காலையில் செல்ஃப் தட்டினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்து போட்டுக்காரர்கள் அவர்களுடைய இரண்டு பேட்டரியையும் கயிற்றில் கட்டி இறக்கிக் கொடுத்த பிறகுதான் இன்ஜின் எடுத்தது. வாடைக் காலத்தில் தெற்கே இழுக்கும் நீரோட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நங்கூரம் பிடிக்காமல் போயிருந்தால் எல்லைக் கோட்டுப் பக்கம் போய் நின்றிருப்போம். படகில் ஏழு பேர். அதை நினைத்தால் இன்னும் தூக்கம் வரவில்லை.

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை இறக்கிச் சோதித்தாயிற்று, நல்லா இருக்கு என்கிறார்கள். பெல்ட் புதிது. வேறு எங்கே பார்ப்பது?

காசிமேடு டிரைவர்:
150 போதாது. 180 ஆம்பியர் பேட்டரியாக இரண்டு போடுங்கள். நாங்கள் அதைத்தான் வைத்திருக்கிறோம்.

போட் எலக்ட்ரீசியன், தூத்துக்குடி:
பேட்டரி வாங்கக் கிளம்பாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். வி.எச்.எஃப். ரேடியோ, ஜி.பி.எஸ்., ஆழம் பார்க்கும் எக்கோ, கேபின் லைட் இதெல்லாம் 12 வோல்ட் சாமான்கள்தானே? அவற்றுக்கு லைன் எங்கிருந்து எடுத்திருக்கிறீர்கள்?

மல்டிமீட்டர் இருந்தால் நான்கு அளவு எடுத்துச் சொல்லுங்கள். இன்ஜின் நின்று ஐந்தாறு மணி நேரம் கழித்து ஒவ்வொரு பேட்டரியிலும் தனித்தனியாக எவ்வளவு? இன்ஜின் நடு வேகத்தில் ஓடும்போது தனித்தனியாக எவ்வளவு? மொத்த 24 வோல்ட்டை மட்டும் பார்த்தால் இந்தக் கோளாறு தெரியாது.

நாகை விசைப்படகு:
அண்ணே, 12 வோல்ட் லைன் முழுக்க இன்ஜின் பக்கத்துப் பேட்டரியிலிருந்துதான் போகிறது. படகு வாங்கியபோதே அப்படித்தான் இருந்தது. அளவுகள்: இன்ஜின் நின்றிருக்கும்போது அந்தப் பேட்டரி 12.0, மற்றது 12.9. ஓடும்போது அது 12.9, மற்றது 15.1. மொத்தம் 28 வருகிறதே, அது சரிதானே?

போட் எலக்ட்ரீசியன், தூத்துக்குடி:
மொத்தம் சரி, பங்கு சரியில்லை. ஆளுக்கு 14 வர வேண்டும். உங்கள் படகில் ஒன்று பட்டினி கிடக்கிறது, இன்னொன்று கொதிக்கிறது.

ராத்திரியில் 12 வோல்ட் சாமான்கள் எல்லாம் சேர்ந்து 4 ஆம்பியர் எடுத்தால் 10 மணி நேரத்தில் 40 ஆம்பியர் மணி போய்விடும். அந்த 40 முழுவதும் ஒரே பேட்டரியிலிருந்து போகிறது. காலையில் இன்ஜின் ஓடியதும் ஆல்டர்னேட்டர் திருப்பி ஏற்றப் பார்க்கிறது. தொடராகக் கட்டினால் இரண்டு பேட்டரி வழியாகவும் ஒரே கரண்ட்தான் போகும். காலியானதற்கு 40 ஏற வேண்டுமென்றால், ஏற்கெனவே நிறைந்திருக்கும் மற்றதன் வழியாகவும் அதே 40 போயாக வேண்டும். நிறைந்த பேட்டரிக்குள் அது சேமிப்பாகாது, தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாக வெளியேற்றும். நீங்கள் ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டர் அங்கேதான் போகிறது. ஆல்டர்னேட்டரின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்கோ மொத்தம் 28 என்பது மட்டும்தான் தெரியும், அதனால் போதும் என்று கரண்டைக் குறைத்துவிடும். பட்டினி கிடப்பது நிறையவே நிறையாது. அரைகுறையாகவே கிடந்து பிளேட்டில் சல்பேட் படிந்து செத்துப் போகும்.

12.0 என்றால் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. நிறைந்த பேட்டரி ஓய்வில் 12.6, 12.7 காட்டும். 180 ஆம்பியர் போட்டாலும் இதே கதைதான், இன்னும் சில மாதம் தள்ளிப்போகும்.

காசிமேடு டிரைவர்:
இப்போதுதான் புரிகிறது. நாங்கள் தங்கலுக்குத் தங்கல் இரண்டையும் இடம் மாற்றி வைப்போம். அதனால்தான் தப்பிக்கிறோமா? ஆல்டர்னேட்டரை 29க்கு ஏற்றி வைத்தால் ஆகாதா?

போட் எலக்ட்ரீசியன், தூத்துக்குடி:
இடம் மாற்றுவதால் இரண்டும் சமமாகத் தேயும், அவ்வளவுதான். அதுவும் ஆறு நாள் தங்கலுக்குள் ஒன்று இறங்கத்தான் செய்யும். 29க்கு ஏற்றுவது மட்டும் வேண்டாம். 15.1ல் இருப்பது இன்னும் மேலே போகும், சூடாகி வாயு கக்கும். மூடிய இன்ஜின் ரூமில் ஹைட்ரஜன் சேர்ந்தால் ஒரு சின்னத் தீப்பொறி போதும்.

நாகை தம்பிக்கு: 24ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர், 20 ஆம்பியர் அளவுக்கு ஒன்று வாங்குங்கள். அதன் உள்ளீட்டு வயர்களைத் தொடராக நிற்கும் இரண்டு பேட்டரியின் இரு கோடிக்கும், அதாவது முழு 24 வோல்ட்டுக்கும், கொடுங்கள். இரண்டு பேட்டரிக்கும் நடுவிலிருந்து 12 வோல்ட் எடுக்கும் லைனை முற்றிலும் எடுத்துவிடுங்கள், ஒரு பல்புக்குக்கூட விட்டு வைக்கக் கூடாது. ராத்திரி போகும் 40 இப்போது இரண்டிலும் சமமாக, நஷ்டம் சேர்த்து ஒவ்வொன்றிலும் 22 அளவுக்குத்தான் இறங்கும். பாசிட்டிவ் பக்கத்தில் பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் போடுங்கள்.

மாட்டுவதற்கு முன்னால் இறங்கிய பேட்டரியைக் கரையில் தனியாக 12 வோல்ட் சார்ஜரில் போட்டு நிரப்புங்கள். ஆசிடின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் ஆறு செல்லும் 1.25 பக்கம் வந்து நிற்க வேண்டும். ஏதாவது ஒரு செல் பின்தங்கினால் இரண்டு பேட்டரியையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். புதியதும் பழையதும் தொடரில் ஒத்துப் போகாது.

தூத்தூர் தங்கல்:
அண்ணன் சொன்னது சரி. எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கடலில் கிடப்போம், அதனால் இன்னொன்றும் செய்திருக்கிறோம். செல்ஃப் பேட்டரியைத் தொடுவதே இல்லை. சாமான்களுக்குத் தனியாக ஒரு 12 வோல்ட் 100 ஆம்பியர் பேட்டரி, கேபின் கூரையில் 100 வாட் சோலார் தகடு இரண்டு, நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர். நல்ல வெயில் நாளில் 45 ஆம்பியர் மணி வரை ஏறுகிறது. கொடிமரத்து நிழலோ காயப்போட்ட வலையோ தகட்டின் ஓரத்தில் விழுந்தால்கூடப் பெரிய அளவில் குறையும், அதைப் பார்த்து இடம் தேர்ந்தெடுங்கள். உப்புக் காற்றில் வயர் முனையிலுள்ள லக் பச்சை பூக்கும், வாசலின் தடவி வையுங்கள்.

பேட்டரிப் பெட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? அடித்தண்ணீர் ஏறி ஆசிடில் கடல் நீர் கலந்தால் குளோரின் வாயு வரும். உள்ளே ஆள் இருந்தால் ஆபத்து.

நாகை விசைப்படகு:
எல்லோருக்கும் நன்றி. கன்வெர்ட்டர் மாட்டி இரண்டு தங்கல் போய் வந்தாயிற்று. ஓடும்போது 14.0, 13.9. காலையில் எழுந்து பார்த்தால் இரண்டும் 12.5. தண்ணீர் ஊற்றவே இல்லை. பெட்டியையும் ஒரு முழம் உயர்த்திவிட்டோம். சோலார் மாட்டுவது மீன்பிடித் தடைக்காலத்தில்தான் முடியும். ஒரே ஒரு தொல்லை: வி.எச்.எஃப்.பில் இப்போது 'ஸ்ஸ்' என்று இரைச்சல்.

போட் எலக்ட்ரீசியன், தூத்துக்குடி:
கன்வெர்ட்டரை ரேடியோ, ஆன்டெனா வயர் இரண்டிலிருந்தும் ஒரு மீட்டராவது தள்ளி மாட்டுங்கள், வயர்களில் இரைச்சலை வடிகட்டும் ஃபெரைட் வளையம் கோத்துப் பாருங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அப்போது பேட்டரி வயர்களைக் கழற்றி வைத்து மாதம் ஒரு தடவை சார்ஜ் ஏற்றுங்கள்.

நாகை விசைப்படகு:
தள்ளி மாட்டியதிலேயே இரைச்சல் போய்விட்டது அண்ணே. இன்று ராத்திரி மறுபடி கிளம்புகிறோம்.