மறு: பிறப்புரிமைக் குடியுரிமையா, மண்வழிக் குடியுரிமையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சட்டவிரோதமாகவோ தற்காலிக விசாவிலோ இருக்கும் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறக்கும் பிள்ளைகளை இனிக் குடிமக்களாக ஏற்க முடியாது என்று 2025 ஜனவரி 20இல் ட்ரம்ப் கையெழுத்திட்டாரல்லவா, அன்றிலிருந்து 'birthright citizenship', அதாவது பெற்றோர் யாராயிருந்தாலும் ஒரு நாட்டில் பிறந்ததாலேயே கிடைக்கும் குடியுரிமை, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பது கொழும்பில் எங்கள் செய்தி மேசையைப் படுத்துகிறது. 'பிறப்புரிமைக் குடியுரிமை' என்றால் ஒற்றைப் பத்தித் தலைப்பில் 'உரிமை' இரண்டு தடவை வந்து முட்டிக்கொள்கிறது.

> 'பிறப்புரிமை' ஏற்கெனவே புழங்கும் சொல்தானே, ஏன் மாற்ற வேண்டும்?

புழங்குகிறது, சரி. ஆனால் அது எதைப் பிரித்துக் காட்டுகிறது? நம் நாட்டு வம்சாவழிப் பிரஜாவுரிமையும் பிறக்கும்போதே வருவதுதான். இரண்டுமே பிறந்த நேரத்தில் ஒட்டிக்கொள்கின்றன. ஒன்று இடத்தால், மற்றது பெற்றோரால். 'பிறப்பு' என்று மட்டும் சொன்னால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

அந்த வித்தியாசம் நமக்குப் புத்தகச் சங்கதியும் இல்லை. வீட்டில் கிடக்கும் பழைய பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பிள்ளை பிறந்த இடத்தைக் கேட்டதோடு விடமாட்டார்கள். பாட்டனார் இலங்கையில் பிறந்தவரென்றால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம். தந்தை இங்கே பிறக்காவிட்டால் பூட்டனார் விவரம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் கேட்ட கேள்விகள் அவை. ஹட்டன் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவராயிருந்தாலும் தகப்பனும் பாட்டனும் திருச்சியில் பிறந்தவர்கள் என்றால் வம்சாவழிப் பிரஜை இல்லை. அப்புறம் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்திய வம்சாவழித் தமிழரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று தலையை எண்ணிப் பங்கு பிரித்தார்கள். மிச்சம் 150,000 பேரின் கணக்கு பிறகு பார்க்கப்படும் என்று விடப்பட்டது. இத்தனைக்கும் அவரவர் பிறந்த இடம் ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. ஆகவே நாம் ஆக்கும் சொல்லில் 'இடம்' இருந்தாக வேண்டும் என்பது என் பிடிவாதம்.

> அப்படியானால் 'மண்வழிக் குடியுரிமை' போதுமே. இலத்தீன் 'யூஸ் சோலி'யில் (jus soli, மண்ணின் உரிமை) இருப்பதும் மண்தான்.

அக்கா, காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழில் 'மண்' என்றதும் 'மண்ணின் மைந்தர்' வந்து நிற்பார்கள். அவர்களின் பேச்சே வந்தேறியை வெளியே தள்ளுவதுதான். நாம் பெயர் வைக்கப்போவதோ வந்தவரின் பிள்ளையையும் உள்ளே எடுக்கும் விதிக்கு. இலத்தீன்காரனுக்கு இந்தத் தொல்லை இல்லை.

நான் முன்வைப்பது: பிறப்பிடவழிக் குடியுரிமை. எதிர்ச்சொல் வம்சாவழிக் குடியுரிமை, அது இங்கே ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. 'குருதிவழி' வேண்டாம், இரத்த வங்கி விளம்பரம் மாதிரி இருக்கிறது. குடியுரிமையா பிரஜாவுரிமையா என்று மறுபடி தொடங்காதீர்கள். இலங்கைச் சட்டத்தைச் சொல்லும்போது பிரஜாவுரிமை, மற்ற இடங்களில் குடியுரிமை.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். "அமெரிக்க அரசியலமைப்பில் 1868இல் வந்த 14ஆவது திருத்தம் பிறப்பிடவழிக் குடியுரிமைக்கு அடிப்படை, சீனப் பெற்றோருக்கு சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த வொங் கிம் ஆர்க்கின் வழக்கில் 1898இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது." உறுத்தவில்லை. கனடாவுக்கும் அப்படியே பொருந்தும், இராஜதந்திரிகளின் பிள்ளைகள் நீங்கலாக.

பிரித்தானியாதான் கொஞ்சம் சிக்கல். 1983 ஜனவரி 1 முதல் அங்கே பிறந்தால் மட்டும் போதாது, தாயோ தந்தையோ குடிமகராகவோ நிரந்தரமாகக் குடியமர்ந்தவராகவோ இருக்க வேண்டும். அவுஸ்திரேலியாவும் 1986 ஆகஸ்டிலிருந்து ஏறக்குறைய அதே மாதிரி. ஆனால் அங்கே பிறந்த பிள்ளை பத்து வயதுவரை அங்கேயே வளர்ந்தால் தானாகக் குடியுரிமை வந்துவிடும். இவற்றுக்கு 'நிபந்தனைப் பிறப்பிடவழி' என்று முன்னால் ஒரு சொல் சேர்த்தால் சரியாகும். 'பிறப்புரிமை'க்கு முன்னால் 'நிபந்தனை' போட்டுப் பாருங்கள், பல்லிளிக்கும்.

சென்னை நண்பருக்கு: இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவின் தலைப்பு 'பிறப்பால்' என்றே இருக்கட்டும். 1987 ஜூலைக்கு முன் பிறந்தவர்களுக்கு இடம் மட்டும் போதுமாக இருந்தது, பிறகு பெற்றோரும் கணக்கில் வந்தார்கள். ஒரே பிரிவுக்குள் இரண்டு விதியும் கிடப்பதால் அந்தத் தலைப்பை நாம் தொட வேண்டாம். விளக்கம் எழுதும்போது முதல் பகுதியைப் பிறப்பிடவழி என்று சொன்னால் போதும்.