கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போனவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். டெல்டாவில் எண்ணெய்க் கிணறு, இறால் பண்ணை மாதிரி ஒன்று வரும்போது நிலத்தடி நீருக்கும் வயலுக்கும் உள்ள ஆபத்தை யார், எதை வைத்து எடைபோடுகிறார்கள் என்பதை முதுகலை ஆய்வுக்காகப் படிக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பது புரிந்துவிட்டது. மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, ஒரு திட்டம் பற்றி மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும். திட்டத்தின் தாக்க மதிப்பீட்டு அறிக்கைச் சுருக்கம் தமிழிலும் இருக்கவேண்டும். 2020 ஜனவரியில் எண்ணெய், எரிவாயு தேடும் கிணறுகளுக்கு இந்தக் கூட்டமே தேவையில்லை என்று மத்திய அரசு திருத்தியது. இது பெரிய அநியாயம் என்றே நினைக்கிறேன். அடுத்த மாதமே, டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுக்கும் தமிழக அரசின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. சரி, ஆனால் ஏற்கெனவே நடந்த பணிகளை அது தொடவில்லை.

எனக்குக் கிடைக்காதது கூட்டத்தில் உண்மையில் நடந்தது. திருவாரூர், நாகை, கடலூர் பக்கம் யாராவது பேசியிருக்கிறீர்களா? நீங்கள் சொன்னது கூட்டக் குறிப்பில் அப்படியே பதிவானதா? பழைய நோட்டீஸ், மனு நகல், கிராமசபைத் தீர்மானம் எது இருந்தாலும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். குறிப்பாகக் கடைமடை விவசாயிகள், மீனவப் பெண்கள், குத்தகைதாரர்கள் பேசினால் நேரில் வந்து கேட்டுக்கொள்கிறேன். பெயர், ஊர் எதையும் வெளியிட மாட்டேன்.