மழை பெய்தால் நீர்வழிக் கரைப்பாதையில் சேறு: யாரிடம் சொல்வது?

கேள்வி: கரையோர வீட்டுக்காரி

வணக்கம். சிங்கப்பூரின் பொங்கோல் நீர்வழியிலிருந்து எங்கள் அடுக்குமாடி புளோக் ஐந்து நிமிட நடைதான். சென்ற ஆண்டு குடிவந்தோம். இந்த வீட்டைத் தேர்ந்தெடுத்ததே அந்தத் தண்ணீருக்காக. மாமியாருக்கு முழங்கால் வலி. ஆனாலும் காலையும் மாலையும் ஊன்றுகோலோடு கரையோரம் நடந்துவிட்டு வந்தால்தான் அவருக்கு நாள் நிறைவாகும்.

பெருமழை பெய்யும்போதெல்லாம் புளோக்குக்கும் பூங்காவுக்கும் நடுவே இருக்கும் சரிவிலிருந்து மண் கரைந்து வந்து நடைபாதையில் படிகிறது. வெயிலில் காய்ந்து தூளாகிறது, அடுத்த மழைக்கு மெழுகியதுபோல் வழுக்குகிறது. நவம்பர் மாதம் மாமியார் அதில் வழுக்கி விழுந்தார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து கீழே வர மறுக்கிறார். நாற்காலியைச் சன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு அங்கிருந்தே தண்ணீரைப் பார்க்கிறார். எனக்குத் தாங்கவில்லை.

மூன்று முறை தொலைபேசியில் சொல்லிப் பார்த்தேன். ஓரிடத்தில், அது எங்கள் எல்லை இல்லை என்றார்கள். இன்னோரிடத்தில், கூட்டிவிடச் சொல்கிறோம் என்றார்கள். கூட்டவும் கூட்டினார்கள். அடுத்த மழைக்குப் பழைய கதைதான். இந்தக் கரையை உண்மையில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்? எப்படிச் சொன்னால் நிரந்தரமாகச் சரியாகும்? இன்னொன்றும் கேட்க வேண்டும். பொழுது சாய்ந்ததும் விளக்குக் கம்பங்களைச் சுற்றிக் கொசுபோல் ஒரு பூச்சி மொய்க்கிறதே, டெங்கிக்குப் பயப்பட வேண்டுமா?

பதில்: அதிகாலை நடையாளர்

ஒன்சர்விஸ் என்ற அரசாங்கப் புகார்ச் செயலியில் படத்தோடு போடுங்கள். இடத்தை வரைபடத்தில் குறித்துவிட்டால் எந்த அமைப்புக்குப் போக வேண்டுமோ அங்கே அவர்களே அனுப்பிவிடுவார்கள். தொலைபேசியில் "சரிவு", "பூங்கா ஓரம்" என்று சொன்னால் கேட்பவருக்கு இடம் புரிவதில்லை. பக்கத்திலுள்ள விளக்குக் கம்பத்தின் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

பதில்: பழைய மேற்பார்வையாளர்

அம்மா, உங்கள் மாமியார் சன்னலோரம் உட்கார்ந்திருப்பதைப் படித்ததும் மனம் கனத்துவிட்டது. நான் நிலவனப்பு (புல், செடி, மரப் பராமரிப்பு) வேலையில் 26 ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவன். பொங்கோலுக்கு 2003இல் வந்தேன், வடகிழக்கு ரயில்பாதை திறந்த ஆண்டு. அப்போது இங்கே நீர்வழி கிடையாது. புதிய புளோக்குகளைச் சுற்றி வெறும் நிலமும் லாலாங் புல்லும்தான். நீரோர நகரம் கட்டுவோம் என்று 1996இல் அறிவித்திருந்தார்கள். மறு ஆண்டே ஆசிய நிதி நெருக்கடி வந்து வேலை தேங்கிவிட்டது. 2007இல் திட்டத்தைப் புதுப்பித்து, 4.2 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலத்தை வெட்டி 2011 அக்டோபரில் நீர்வழியைத் திறந்தார்கள்.

இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் பார்க்கும் தண்ணீர் அழகுக்காகத் தேக்கிய குளம் அன்று. பொங்கோல் ஆறு, சிராங்கூன் ஆறு இரண்டின் முகத்துவாரங்களையும் அணை கட்டி நீர்த்தேக்கங்களாக்கி, அந்த இரண்டையும் இணைக்க வெட்டிய கால்வாய் இது. நாம் குடிக்கும் தண்ணீரின் ஒரு பங்கு. ஆகவே உங்கள் சரிவிலிருந்து போகும் மண் நடைபாதையோடு நிற்பதில்லை, நீர்த்தேக்கத்துக்குள் இறங்குகிறது. புகாரில் இதை ஒரு வரியாவது எழுதுங்கள். "பாதை அழுக்காக இருக்கிறது" என்றால் துடைப்பம்தான் வரும். "சரிவில் மண் அரித்து நீர்வழிக்குள் போகிறது" என்றால் சரிவைப் பார்க்க ஆள் வருவார்.

யார் பொறுப்பு என்று கேட்டீர்கள். பொதுவாகப் புளோக், கீழ்த்தளம், அதைச் சுற்றிய புல்வெளி நகர மன்றத்துடையது. பூங்காவும் அதிலுள்ள மரங்களும் தேசியப் பூங்காக் கழகம். தண்ணீரும் வடிகாலும் பொதுப் பயனீட்டுக் கழகம். கொசுவுக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியம். காகிதத்தில் கோடு தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் மழைநீருக்கு அந்தக் கோடு தெரியாதே! 2014 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் மீன் உருண்டைக் குச்சி ஒன்றைப் பற்றிப் பேசினார், நினைவிருக்கிறதா? பாதையோரம் கிடந்த ஒரு குச்சியை எடுப்பது யார் வேலை என்பதில் மூன்று அமைப்புகள் சம்பந்தப்பட்டிருந்தன. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் நகராட்சிச் சேவைகள் அலுவலகம் அந்த ஆண்டு அமைந்தது. மேலே நண்பர் சொன்ன செயலி அவர்களுடையது, அதைப் பயன்படுத்துங்கள்.

ஆனால் புகார் போடும் முன் ஒரு வேலை செய்யுங்கள். மழை ஓய்ந்த பத்து நிமிடத்தில் குடையோடு கீழே இறங்குங்கள். மின்னல் இருந்தால் வேண்டாம். சேறு கிடக்கும் இடத்தில் நின்று அது வந்த தடத்தைப் பார்த்துக்கொண்டே மேலே நடங்கள். தண்ணீர் போன வழியில் புல் படுத்திருக்கும், சருகு வரிசையாக ஒதுங்கியிருக்கும். அந்தத் தடம் எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் கோளாறு. என் அனுபவத்தில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது குறுக்குவழி. பாதை வளைந்து போகிறது, மக்கள் நேராக இறங்குகிறார்கள். நூறு பேர் மிதித்தால் புல் செத்துவிடும், வெறும் மண்தான் மிஞ்சும். அங்கே மறுபடி மறுபடி புல் பதிப்பது வீண்செலவு. படி கட்டிவிட வேண்டும், அல்லது அடர்ந்த புதர் நட்டு மறிக்க வேண்டும்.

இரண்டாவது மழைத்தோட்டம். உங்கள் புளோக் பக்கம் கொஞ்சம் பள்ளமாக, கோரையும் கல்வாழையும் வளர்ந்த பாத்தி இருக்கிறதா பாருங்கள். நிறையப் பேர் அதைச் சாதாரணப் பூப்பாத்தி என்றே நினைக்கிறார்கள். அடியில் மணலும் சரளையும் அடுக்கியிருக்கும். கூரையிலும் தரையிலும் விழும் மழைநீர் அதில் இறங்கி, வடிகட்டி, குழாய் வழியாக மெல்ல வெளியேறும். ஒரு நாளுக்குள் வற்றிவிடும்படிதான் அமைப்பார்கள். கொசு முட்டையிட்டுப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும், ஆகவே ஒழுங்காக வற்றும் பாத்தியில் கொசு பிறக்காது. பெருமழை வந்தால் மிஞ்சும் நீர் வெளியேற நடுவில் கம்பிமூடி போட்ட ஒரு வாய் இருக்கும். அந்த மூடி மேல் சருகு அடைத்தால் போதும், பாத்தி நிரம்பி விளிம்பைத் தாண்டிச் சரிவில் இறங்கும். இறங்கும்போது மண்ணையும் அள்ளிக்கொண்டு போகும்.

சருகு தானாக மட்டும் அங்கே சேர்வதில்லை. காற்று ஊதும் இயந்திரத்தால் பாதையிலுள்ள சருகை எங்காவது ஒதுக்கச் சொன்னால், பக்கத்தில் பள்ளமாக இருப்பது இந்தப் பாத்திதான். எங்கள் ஆட்களே இதைச் செய்திருக்கிறார்கள். பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த பிள்ளைகள், கடுமையான உழைப்பாளிகள். அவர்கள்மேல் குற்றமில்லை. அடியில் மணல் இருக்கிறது, இதன் வேலை தண்ணீரைக் குடிப்பது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நான் ஒருநாள் ஒரு பாத்தியின் ஓரத்தில் முழங்கை ஆழத்துக்குத் தோண்டிக் காட்டினேன். அதன்பிறகு அந்தக் குழு ஒரு சருகைக்கூட அதில் தள்ளியதில்லை.

விளக்கைச் சுற்றும் பூச்சி பெரும்பாலும் மிட்ஜ். பார்க்கக் கொசுபோல இருக்கும், கடிக்காது, சில நாள்தான் உயிரோடு இருக்கும். அதன் புழு நீரடிச் சேற்றில் வளர்கிறது. பிடோக் நீர்த்தேக்கத்தை ஒட்டிய வீடுகளுக்கு ஒரு காலத்தில் அது பெரும் தொல்லையாக இருந்தது. மாலையில் நீர்ப்பக்கச் சன்னலோர விளக்கை அணைத்துவையுங்கள், வீட்டுக்குள் வருவது குறையும். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுதான் வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் சுத்தமான நீரில் முட்டையிடுவது. பூந்தொட்டித் தட்டை மறக்காதீர்கள்.

பதில்: பூங்காப் பாதை மிதிவண்டி

பெரியவர் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் குடியிருப்பாளர் நடந்து பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டுமா? மாதாமாதம் நகர மன்றத்துக்குச் சேவை, பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறோம். ஒப்பந்தம் எடுத்தவர் மேற்பார்வைக்கு ஆள் போட வேண்டாமா? குறைந்த விலைக்கு வேலையை எடுத்து, நான்கு பேர் செய்ய வேண்டியதை இரண்டு பேரிடம் கொடுத்தால் சருகு பாத்தியில்தான் போய் விழும்.

பதில்: பழைய மேற்பார்வையாளர்

நியாயமான கேள்வி. கட்டும் கட்டணத்தில் ஒரு பகுதி சட்டப்படி பெரிய பழுதுகளுக்கான நிதிக்குப் போய்விடுகிறது. சாயம் பூசுவது, கூரை மாற்றுவது போன்றவற்றுக்கு அது வேண்டும். மிச்சத்தில்தான் அன்றாடக் கூட்டலும் புல்வெட்டும். விலை குறைந்தால் முதலில் போவது மேற்பார்வைதான், நீங்கள் சொன்னது முழு உண்மை. ஆனால் நல்ல மேற்பார்வையாளர் இருந்தாலும் மழை பெய்யும் நேரத்தில் அவர் அங்கே நிற்க மாட்டார், மழை என்றால் வெளிவேலை நின்றுவிடும். தண்ணீர் ஓடுவதைப் பார்க்கிறவர் அங்கே குடியிருப்பவர் மட்டும்தான். அந்த ஒரு விஷயத்தில் உங்கள் கண்ணுக்கு ஈடு கிடையாது.

பதில்: கரையோர வீட்டுக்காரி

ஐயா, சனிக்கிழமை பிற்பகல் மழை விட்டதும் இறங்கினேன். கூடவே மகனும் வந்தான். நீங்கள் சொன்ன தடத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போனோம். கோரைப்பாத்தியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. கம்பிமூடி இருக்கும் இடமே தெரியவில்லை. மகன் நீளமான குச்சியால் துழாவினான். உள்ளங்கை அகல வாதுமை இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, அட்டைபோல் ஒட்டிக் கிடந்தன. நடுவே ஒரு பிளாஸ்டிக் பை. அதைக் குச்சியால் நெம்பியதும் தண்ணீர் 'கொளக்' என்று சுழித்து இறங்கியது. ஐந்து நிமிடத்தில் விளிம்பில் வழிவது நின்றுவிட்டது. பாத்திக்குக் கீழே, நீங்கள் சொன்ன குறுக்குவழியும் இருக்கிறது, ஓரடி அகலத்துக்கு மொட்டை மண். வழிந்த தண்ணீர் அந்தத் தடத்தில்தான் ஓடுகிறது.

ஆறு படங்கள் எடுத்து, கம்ப எண்ணோடு செயலியில் அனுப்பினேன். நீர்வழிக்குள் மண் போகிறது என்பதை முதல் வரியாக எழுதினேன். நான்காம் நாள் இரண்டு பேர் வந்து பாத்தியைச் சுத்தம் செய்தார்கள். குறுக்குவழியில் புதர் நடுவதாகப் பதில் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு மழை பெய்தது, பாதையில் சேறு இல்லை. மாமியாரிடம் படத்தைக் காட்டினேன். இன்னொரு மழை போகட்டும், பார்க்கலாம் என்கிறார்.

போகும் வழியில் வேறொன்றையும் பார்த்தேன். கரையோர இளமரங்கள் மூன்றின் அடியில், கணுக்கால் உயரத்தில் பட்டை சுற்றிலும் உரிந்திருக்கிறது. எலி கடித்ததா?

பதில்: பழைய மேற்பார்வையாளர்

எலி இல்லை அம்மா. புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் நூல். மரத்தடிப் புல்லை ஒட்ட வெட்டப் போய்ப் பட்டையில் அடிக்கிறது. இலையிலிருந்து வேருக்கு உணவு இறங்குவது பட்டைக்குள்தான். சுற்றிலும் முழுதாக அறுந்துவிட்டால் வேர் பட்டினி கிடந்து மரம் செத்துவிடும், இலை வாடும்போது பார்த்துப் பயனில்லை. வளையம் முழுதாகச் சேர்ந்துவிட்டதா, ஒரு விரல் அகலமாவது பட்டை மிச்சமிருக்கிறதா என்று கிட்டே போய்ப் பாருங்கள். மிச்சமிருந்தால் பிழைக்கும். மரத்தைச் சுற்றி இரண்டடிக்குப் புல்லை எடுத்துவிட்டு மரத்தூள் பரப்பச் சொல்லி எழுதுங்கள். பட்டையை ஒட்டிக் குவிக்கக் கூடாது, அதையும் எழுதுங்கள். புல் இல்லாவிட்டால் இயந்திரம் அங்கே போகாது. மூன்று மரத்துக்கும் தனித்தனியாகப் படம் எடுங்கள், படத்தில் அளவு தெரியப் பக்கத்தில் ஒரு பேனாவை வையுங்கள்.