பென்டிரைவ் கொண்டுவந்த வினை

ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த 8 ஜிபி பென்டிரைவை லேப்டாப்பில் செருகினேன். எல்லா ஃபோல்டரும் இருந்தன, ஆனால் ஒவ்வொன்றின் மூலையிலும் குட்டியாக வளைந்த அம்புக்குறி. அளவு எல்லாமே 1 கேபி. ப்ராஜெக்ட் ரிப்போர்ட் போச்சு என்று வயிறு கலங்கியது. அப்புறம்தான் கவனித்தேன், டிரைவில் 3 ஜிபி நிரம்பியிருப்பதாகவே காட்டியது. ஆக, ஃபைல்கள் எங்கேயும் போகவில்லை. கடையில் தொற்றிய வைரஸ் அவற்றை ஒளித்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட் போட்டிருக்கிறது. கமாண்ட் ப்ராம்ப்டில் அட்ரிப் (attrib) கட்டளை கொடுத்து, ஃபைல்களை மறைத்துவைக்கும் ஹிட்டன், சிஸ்டம் என்ற இரண்டு குறிகளையும் நீக்கியதும் எல்லாம் வெளியே வந்தன. காப்பி எடுத்துக்கொண்டு ஃபார்மட் அடித்தேன்.

திரும்பச் செருகினால் திரும்ப அம்புக்குறி! முதல் தடவையே ஷார்ட்கட்டை டபுள் கிளிக் செய்த புண்ணியவான் நான்தானே. லேப்டாப் ஆன் ஆனதும் தானாக ஓடுகிற ஸ்டார்ட்அப்பில் விபிஎஸ் ஸ்கிரிப்ட் என்கிற குட்டி புரோகிராம் ஒன்று குடியேறி, செருகுகிற டிரைவுக்கெல்லாம் ஒட்டவைத்துக்கொண்டிருந்தது. டாஸ்க் மேனேஜரில், அதை ஓட்டிக்கொண்டிருந்த டபிள்யூஸ்கிரிப்டை (wscript) நிறுத்தி, அந்த ஃபைலை அழித்த பிறகுதான் ஓய்ந்தது.

*

எனக்கும் இதே கதைதான். இப்போது பிரிண்ட் எடுக்கப் கேமராவில் போடுகிற பெரிய சைஸ் எஸ்டி கார்டைத்தான் கொண்டுபோகிறேன். பக்கவாட்டில் உள்ள பூட்டைக் கீழே தள்ளிவிட்டால் பெரும்பாலான ரீடர்கள் அதில் எதையும் எழுதாது. கடைக்காரர் "வாட்ஸ்அப்ல அனுப்புங்க சார்" என்பார். நம் ஆதார் அவர் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடும், அது வேறு வயிற்றெரிச்சல்.

*

உங்களுக்காவது ஃபைல் திரும்பக் கிடைத்தது. 2019-இல் போட்டோ எடிட் செய்ய ஒரு சாஃப்ட்வேரின் கிராக், அதாவது காசு கட்டாமல் ஓடவைக்கும் திருட்டுப் பதிப்பு, இறக்கினேன். 'ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்' என்று அதிலேயே எழுதியிருந்தது. அணைத்தேன், வேறென்ன சொல்ல. காலையில் மகள் காதுகுத்துப் படங்கள் எல்லாவற்றின் பெயருக்கும் பின்னால் அர்த்தமில்லாத ஒரு வால். ஸ்டாப் (STOP) என்கிற ரான்சம்வேர், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். கூடவே ஒரு கடிதம்: 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் 490. ஆடித் தள்ளுபடி மாதிரி! அந்த அக்டோபரில் எம்சிசாஃப்ட் என்கிற ஆன்டிவைரஸ் கம்பெனி இதற்கு இலவச டிக்ரிப்டர், அதாவது பூட்டைத் திறக்கும் கருவி, வெளியிட்டது. அதுவும் பலருக்கும் பொதுவான ஆஃப்லைன் கீயால் பூட்டியிருந்தால்தான் பெரும்பாலும் பலிக்கும், எனக்கு விழுந்தது ஆளுக்கு ஒன்றாக மாறும் ஆன்லைன் கீ. பேக்கப் வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கையும் கழற்றாமலே விட்டிருந்தேன், அதற்கும் அதே வால்.

இப்போது அந்த ஹார்ட் டிஸ்க் பீரோவில், மனைவியின் பட்டுப்புடவைக்கு அடியில். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் மட்டும் வெளியே வரும்.