புதுப்பிப்பு: கிரீன் கார்டு அம்மாவுக்கு மெடிகேர் 'பார்ட் பி' கிடைத்தது

அமெரிக்காவில் வேலையே பார்க்காத, 65 வயது தாண்டிய பெற்றோருக்கு மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) உண்டா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. உண்டு, கிரீன் கார்டும், தொடர்ந்து 5 வருட வசிப்பும் இருந்தால் போதும்.

பலன் தந்தது "40பி வேண்டாம், 4040 கேளுங்கள்" என்ற யோசனைதான். சிஎம்எஸ்-40பி படிவம் ஏற்கெனவே 'பார்ட் ஏ' (மருத்துவமனையில் தங்கும் செலவுக்கான பகுதி) இருப்பவர்களுக்கானது. அது இல்லாதவர்கள் 'பி' (டாக்டர், வெளிநோயாளி செலவுக்கான பகுதி) மட்டும் கேட்க சிஎம்எஸ்-4040. அதில் 5 வருட வசிப்பைத் தனியாகக் கேட்கிறார்கள். கிரீன் கார்டோடு, பயணத் தேதிகள் தெரிய பழைய பாஸ்போர்ட்டையும் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எடுத்துப் போங்கள். நீண்ட ஊர்ப்பயணம் இருந்தால் கேள்வி வரும்.

2025 கணக்கில் 'பி'க்கு மாதம் 185 டாலராக இருந்தது. 'ஏ'யை முழு விலைக்கு வாங்கினால் அப்போது இன்னொரு 518. பிள்ளைகள் கட்டிய வரி இதற்குச் சேராது. கணவன் அல்லது மனைவியின் 40 கிரெடிட் (சுமார் 10 வருடம் வரி கட்டி வேலை பார்த்த கணக்கு) சேரும், அப்போது 'ஏ' இலவசம்.

எதிர்பாராதது: 'பி' மட்டும் இருந்தால் மருத்துவமனை அறைச் செலவு சேராது, மெடிகேர் அட்வான்டேஜிலும் (தனியார் நிறுவனங்கள் வழியாக வரும் மெடிகேர் திட்டம்) சேர முடியாது. மருந்துக்கான 'பார்ட் டி' மட்டும் எடுக்கலாம்.

தகுதி வந்த மாதத்துக்குப் பின் 3 மாதத்துக்குள் தயவுசெய்து விண்ணப்பித்துவிடுங்கள். தாமதமான ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் 'பி' பிரீமியத்தில் 10% அபராதம். அது பெரும்பாலும் ஆயுள் முழுக்கத் தொடரும்.