மியூல் மான் இணைசேரும் காலம்: மூன்றாவது சீசனா, நாலாவதா?

வணக்கம். கொலராடோவில் மியூல் மான் (பெரிய காதுள்ள வட அமெரிக்க மான்) வேட்டைக்குப் போய்ப் பழக்கமுள்ள அண்ணன்மார், தம்பிமார் யாராவது இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

டென்வரில் இருக்கிறேன். வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்து அட்டையும் வாங்கியாச்சு. இங்கே மான் லைசென்ஸ் எல்லாமே குலுக்கல்தான், ஏப்ரல் தொடக்கத்துக்குள் விண்ணப்பிக்கணும். எந்த ரைஃபிள் சீசனை (துப்பாக்கி வேட்டைக்கு ஒதுக்கிய நாட்கள்) கேட்பது என்பதில்தான் குழப்பம்.

நான் படித்தவரை இணைசேர்க்கை நவம்பர் நடுவில் சூடு பிடித்து, 20-ஆம் தேதியை ஒட்டி உச்சம் தொட்டு, டிசம்பர் முதல் வாரத்தில் அடங்குகிறது. குளிர் அல்ல, பகல் குறைவதுதான் காரணமாம். கர்ப்பம் சுமார் 200 நாள். ஜூனில் குட்டிகள் பிறப்பதை வைத்துப் பின்னோக்கி எண்ணினாலும் கணக்கு சரியாகவே வருகிறது. பெண்மானுக்குப் பருவம் ஒரு நாள், ஒன்றரை நாள்தான். அப்போது சேராவிட்டால் மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடி வருமாம்.

அப்படியானால் அந்த உச்சத்தை ஒட்டி வரும் நாலாவது சீசன்தான் தோது. ஆனால் அது வெறும் ஐந்து நாள், குலுக்கலில் முன்னுரிமை தரும் பாயிண்ட்டும் நிறைய வேண்டும். என்னிடம் இருப்பது இரண்டே இரண்டு! மூன்றாவது சீசனின் கடைசி நாட்களிலேயே பெரிய கிடாக்கள் பகலில் பெண்மான்களைத் துரத்த ஆரம்பிக்குமா? பனி விழாத வருஷத்தில் மந்தை மலையிலிருந்து கீழே இறங்கியிருக்குமா, மேலேயே தேடணுமா?

கொலராடோவின் கன்னிசன் பக்கம் போனவர்கள் அவசியம் சொல்லுங்கள்.